ஆம்ப் பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா? வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"ஆக்டிவ் வாங்கலாமா, பாஸிவ் வாங்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எத்தனை பிளக் பாயின்ட் இருக்கிறது?" என்பதைத்தான். பாதிப் பேர் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன். எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்று கேட்டால், இரண்டு பக்கமும் நல்ல சரக்கும் உண்டு, குப்பையும் உண்டு என்பதைத் தாண்டி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பிளக் பாயின்ட் எங்கே, அதில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா, பாட்டு எதிலிருந்து வரப்போகிறது, ரிமோட் யார் கையில் இருக்கும், பத்து வருடம் கழித்து ஏதாவது கெட்டால் எங்கே தூக்கிக்கொண்டு போவீர்கள் என்பதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் கடைக்குப் போகும் முன்பே பாதி விடை வந்துவிடும்.

கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பதினாலு அடி ஹால், டைல்ஸ் தரை, ஒரு சுவரில் டிவி, எதிரே எட்டடி தள்ளி சோபா. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கும், என்னுடையதும் இதுதான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

போனிலிருந்தோ டிவியிலிருந்தோ வருகிற சிக்னல் ரொம்பச் சின்னது, ஒரு வோல்ட், மிஞ்சிப்போனால் இரண்டு வோல்ட், அதிலும் கரண்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதை வைத்து வூஃபரை அசைக்க முடியாது. அதைப் பெரிதாக்க நடுவில் ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வேண்டும். அந்த ஆம்ப் தனிப் பெட்டியாக வெளியே இருந்து, அங்கிருந்து ஸ்பீக்கர் வயர் போனால் அது பாஸிவ். ஆம்ப் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருந்து, கரண்ட் வயர் நேராக ஸ்பீக்கருக்குப் போனால் அது ஆக்டிவ். பொதுவாகச் சொல்வது இவ்வளவுதான். இதில் ஒரு பாதி உண்மை ஒளிந்திருக்கிறது, அதைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் குறைந்தது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கீழ்ச்சுருதிக்கு வூஃபர், மேலே ட்வீட்டர். இவற்றைத்தான் டிரைவர் என்பார்கள். வருகிற சத்தத்தை இரண்டாகப் பிரித்து அவரவர் பங்கை அவரவருக்குக் கொடுப்பதற்குப் பெயர் க்ராஸ்ஓவர். வழக்கமான இரட்டை டிரைவர் பெட்டியில் இந்தப் பிரிவினை 2,000லிருந்து 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நடக்கும். பாஸிவ் ஸ்பீக்கரில் ஆம்ப் முழு பலத்தோடு அனுப்பிய பிறகு, பெட்டிக்குள் இருக்கும் காயில், கப்பாசிட்டர், ரெசிஸ்டர் ஆகியவை சேர்ந்து பிரிக்கும். பெரிய கரண்ட் அவற்றின் வழியாகப் போவதால் கொஞ்சம் சூடாக வீணாகும், வூஃபர் மேல் ஆம்ப்புக்கு இருக்கும் பிடியும் கொஞ்சம் தளரும். உண்மையான ஆக்டிவில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சின்ன சிக்னலாக இருக்கும்போதே பிரித்துவிட்டு, வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் என்று தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படியென்றால் ஆம்ப் உள்ளே இருந்தும் பிரிப்பது மட்டும் பழைய முறையில் நடந்தால்? அதற்குப் பெயர் பவர்டு ஸ்பீக்கர். டிவி பக்கத்தில் வைக்க என்று விற்கும் விலை குறைந்த ஜோடிகளில் நிறைய இந்த ரகம்தான், ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 'ஆக்டிவ்' என்றுதான் இருக்கும். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வியாபாரப் பேச்சில் கரண்ட் வயர் உள்ளதெல்லாம் ஆக்டிவ்தான். கண்டுபிடிக்கப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் கரண்ட் வயர், இன்னொன்றுக்கு இங்கிருந்து சாதாரண இரட்டை இழை வயர் போகிறது என்றால் அது பவர்டு. அந்த இரண்டாவது பெட்டி சாட்சாத் பாஸிவ் ஸ்பீக்கர்தான். இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாலைந்து பின் உள்ள தடித்த கேபிள் ஓடினால், பெரும்பாலும் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப் என்று அர்த்தம். இரண்டு பெட்டியிலும் கரண்ட் வயர் இருந்தாலும் அப்படியே, ஆனால் விவரத் தாளில் 'பை-ஆம்ப்' (இரண்டு ஆம்ப்) என்ற வார்த்தை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். யமஹா எச்எஸ்5 தாளில் வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட் என்று பிரித்தே போட்டிருப்பார்கள். அப்படிப் பிரித்துப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பவர்டு என்றால் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆம்ப்பும் இரண்டு பாஸிவ் ஸ்பீக்கரும் ஒரே விலைக்குள், ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துக் கட்டிய ஜோடி, அவ்வளவுதான். ஆக்டிவ் என்பதற்காகக் கூடுதல் காசு கேட்டால் மட்டும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஆக்டிவ் முறையில் நிஜமாகக் கிடைப்பது

ஸ்பீக்கரைச் செய்தவருக்கே ஆம்ப்பும் தன் கையில் இருப்பதால், அந்த வூஃபர் எங்கே தடுமாறும், எங்கே துள்ளும் என்று தெரிந்து சிக்னலை முன்கூட்டியே திருத்தி அனுப்ப முடியும். ஐந்து அங்குல வூஃபர் உள்ள சின்னப் பெட்டி வயதுக்கு மீறி பேஸ் (கீழ்ச்சுருதி) கொடுப்பது இதனால்தான். சத்தம் எல்லை மீறினால் அதைத் தடுக்கும் லிமிட்டர் என்ற சர்க்யூட் வந்து ட்வீட்டரைக் காப்பாற்றும். ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் என்று செங்குத்தாக வெட்டும் க்ராஸ்ஓவரைக் காயில் வைத்துக் கட்டினால் செலவும் எடையும் ஏறும், சின்ன சிக்னலில் அது சில சில்லறைப் பாகங்களோடு முடிந்துவிடும்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. செயற்கையாக இழுத்த பேஸ், வால்யூம் ஏறும்போது சுருங்கும், ஏனென்றால் வூஃபர் ஓரளவுக்கு மேல் முன்னும் பின்னும் போக முடியாது. இன்னொன்று இரைச்சல். ட்வீட்டருக்கென்று தனி ஆம்ப் எப்போதும் விழித்திருப்பதால், பாட்டு ஓடாதபோது காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் 'உஸ்ஸ்...' என்று கேட்கும். சோபாவில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் ஃபேன் சத்தத்தில் இது காணாமல் போய்விடும். மேஜையில் இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு வேலை செய்கிறவர்களுக்கு இது பைத்தியம் பிடிக்க வைக்கும். மேஜைக்கு வாங்குவதானால் கடையில் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு காதைக் கொடுத்துப் பாருங்கள், பாட்டைக் கேட்பதைவிட அது முக்கியம்.

ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் ஆக்டிவ்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் அதுதான் உசத்தி என்று ஒரு வாதம் வரும். ஆக்டிவ் மானிட்டரில் (ஸ்டுடியோ ஸ்பீக்கரை அப்படித்தான் சொல்வார்கள்) பேர்போன ஜெனலெக் பின்லாந்துக் கம்பெனி, 1978ல் தொடங்கியது, அந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்துக்காகச் செய்த மானிட்டரில்தான் அவர்கள் கதை ஆரம்பிக்கிறது. சரி. அதே 1978ல் யமஹா வெளியிட்ட என்எஸ்-10, வெள்ளைக் கோன் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டி, பாஸிவ். வீட்டுக்கென்று செய்தது. அதுதான் பிறகு உலகம் முழுக்க ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களின் மிக்ஸிங் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தது. ஆகவே அந்த வாதத்தை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. கேஇஎஃப் என்ற ஸ்பீக்கர் கம்பெனி 2020ல் செய்ததைப் பாருங்கள்: ஒரே வகை டிரைவரை வைத்து எல்எஸ்50 மெட்டா என்று பாஸிவாக ஒன்று, எல்எஸ்50 வயர்லெஸ் டூ என்று ஆக்டிவாக ஒன்று, இரண்டையும் சேர்த்தே வெளியிட்டார்கள். எது உசத்தி என்று செய்தவர்களே ஒரு பக்கம் சாயவில்லை.

வாட் கணக்கு

அந்த ஆக்டிவ் எல்எஸ்50ல் ஒவ்வொரு பெட்டியிலும் வூஃபருக்கு 280, ட்வீட்டருக்கு 100 வாட். இதைப் படித்துவிட்டு, பாஸிவ் வாங்குகிறவர் "எனக்கும் 300 வாட் ஆம்ப் வேண்டும்" என்று கிளம்புவார். வேண்டாம், ஒரு நிமிஷம் கணக்குப் போடுவோம்.

ஸ்பீக்கர் தாளில் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று இருந்தால், 8 ஓம் (ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை) ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். நம் சோபா இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது, தூரத்தால் 8 டெசிபல் போகும். இரண்டு ஸ்பீக்கர் பாடுவதாலும் சுவரும் தரையும் திருப்பி அடிப்பதாலும் ஐந்து வாக்கில் திரும்பி வரும். ஆக, சோபாவில் ஒரு வாட்டுக்கு சுமார் 83. சாயங்காலம் சாவகாசமாகப் பாட்டு கேட்கும் அளவு 73 டெசிபல் என்று வைத்தால், பத்து டெசிபல் குறைவு என்றால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 வாட் போதும்! நிஜமாகவே அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு சராசரி 85க்கு வைத்து, நடுவில் தவில் அடி விழும்போது அது 100ஐத் தொடுகிறது என்றாலும், 83லிருந்து 17 டெசிபல் ஏற்றம், அது 50 வாட். நம் ஹாலுக்கு உண்மையான 50 வாட் தாராளம். அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பெல் அடிப்பார்.

'உண்மையான' என்ற வார்த்தைதான் இதில் சிக்கல். தொண்ணூறுகளில் கையகல கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில்கூட ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ' வாட் (கண நேர உச்சம் என்ற பெயரில் ஊதிய கணக்கு) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றது நினைவிருக்கும். இப்போது அந்த ஸ்டிக்கர் இல்லை, புத்தி அப்படியே இருக்கிறது. டீவிடி கேஸ் அளவில் வரும் கிளாஸ்-டி (அதிகம் சூடாகாமல் சின்னதாகக் கட்டும் வகை) குட்டி ஆம்ப்களில் '100 வாட் + 100 வாட்' என்று போட்டிருக்கும், கூட வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 24 வோல்ட், 4.5 ஆம்பியர். பெருக்கினால் 108. உள்ளே போவதே 108 வாட் என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? இதிலும் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால், 24 வோல்ட்டை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்தி 16ஆல் (8 ஓமின் இரட்டிப்பு) வகுங்கள், 36. அதுதான் உச்சவரம்பு, சத்தம் உடையாமல் கிடைப்பது முப்பது சொச்சம். அதுவே மோசமில்லை, மேலே போட்ட கணக்குப்படி நம் ஹாலுக்குக் கிட்டத்தட்ட போதும். இந்தக் குட்டி ஆம்ப்களை நான் ரொம்ப மதிக்கிறேன், விளம்பரத்தை மட்டும் நம்புவதில்லை.

ஆக்டிவில் இந்தத் தலைவலி கிடையாது. எத்தனை வாட் தேவை என்று செய்தவரே முடிவு செய்து உள்ளே வைத்துவிட்டார், உங்களுக்கு வேலை இல்லை. அதிகம் படிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஆக்டிவ் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பாஸிவ் என்று முடிவு செய்தால்

முதலில் ஓம் பாருங்கள். ஸ்பீக்கர் 4 ஓம், ஆம்ப்பின் முதுகில் '6-16 ஓம்' என்று எழுதியிருக்கிறது என்றால் அந்த ஜோடி வேண்டாம். மெதுவாக வைத்துக் கேட்டால் ஓடும்தான், விசேஷ நாளன்று சொந்தக்காரர்கள் வந்து வால்யூமை ஏற்றும்போது ஆம்ப் சூடாகி அணைந்துவிடும்.

வயருக்கு அநியாயமாகச் செலவு செய்யாதீர்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் இரட்டை இழை ஃப்ளெக்ஸிபிள் வயர் கேளுங்கள். ஐந்து மீட்டர் ஓடினால் போக வரச் சேர்த்துப் பத்து மீட்டர், அதன் தடை 0.12 ஓம் வாக்கில் வரும். ஸ்பீக்கரின் ஓமில் ஐந்து சதவீதத்துக்குள், அதாவது 8 ஓமுக்கு 0.4க்குள் இருந்தால் காதுக்கு வித்தியாசம் தெரியாது என்பது பழைய கணக்கு. நாம் அதில் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறோம். நல்ல செம்புதானா என்பதை மட்டும் பாருங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய வயரும் சந்தையில் உண்டு, இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

முனையை இரண்டு விரலில் நன்றாக முறுக்கிவிட்டுச் சொருகுங்கள். ஒரே ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் திருகைத் தொட்டால் ஆம்ப் காலி. அதேபோல், குட்டி கிளாஸ்-டி ஆம்ப்களில் இடது வலது இரண்டின் கறுப்புத் திருகையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. பழைய ஆம்ப்களில் பெரும்பாலும் இரண்டு கறுப்பும் ஒன்றுதான், சேர்த்தாலும் ஒன்றும் ஆகாது. இவற்றில் கறுப்பு கிரவுண்ட் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இது தெரியாமல் இரண்டு ஸ்பீக்கருக்கும் மூன்று வயரில் வேலையை முடித்து ஆம்ப்பைச் சாகடித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும் (வெளியாள் இல்லை, தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்).

சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான், இருந்தும் நான் போய்ப் பார்த்த வீடுகளில் அடிக்கடி மாறிக் கிடப்பது இதுதான். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால், ஒரு கோன் முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும். பேஸ் காணாமல் போய்விடும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து போவார். ஸ்பீக்கர் மட்டம் என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். சந்தேகம் வந்தால் ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, வயர் முனையில் பிளஸ்ஸை சிவப்புக்கும் மைனஸ்ஸைக் கறுப்புக்கும் லேசாகத் தொட்டு எடுங்கள். 'டப்' என்று சின்னச் சத்தத்தோடு வூஃபர் முன்னே வர வேண்டும். உள்ளே போனால் வழியில் எங்கோ மாறியிருக்கிறது. ஒரு நொடி தொட்டால் போதும், அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

பின்னால் நான்கு திருகு, நடுவில் தகடு போட்ட பாஸிவ் ஸ்பீக்கர்கள் உண்டு. தகட்டைக் கழற்றிவிட்டு இரண்டு ஆம்ப் கொடுத்தால் அது ஆக்டிவ் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். உள்ளே பழைய க்ராஸ்ஓவர் அப்படியேதான் இருக்கிறது.

ஆக்டிவ் என்று முடிவு செய்தால்

வோல்ட்டேஜ் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் ஸ்பீக்கர் சொல்லி அனுப்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு. பாஸிவ் ஸ்பீக்கருக்கு எந்த நாடும் ஒன்றுதான், கொண்டுவந்து மாட்ட வேண்டியதுதான். ஆக்டிவ் அப்படி இல்லை. அங்கே 120 வோல்ட், இங்கே 230. சிலதில் 100-240 என்று எழுதியிருக்கும், கவலை இல்லை. சிலதில் பின்னால் 115/230 என்று சின்ன ஸ்விட்ச் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மாற்ற வேண்டும். சிலதில் ஒன்றுமே இருக்காது, அதை இங்கே நேராகச் சொருகினால் கதை முடிந்தது. அத்தை மகன் கொண்டுவந்த ஜோடியைப் பிரித்த சந்தோஷத்தில் நான் ஸ்விட்சைப் பார்க்காமல் போட்டுவிட்டேன். ஒரு 'டப்', ஒரு வாடை. ஃப்யூஸோடு போனது என் அதிர்ஷ்டம். இரண்டாவது பெட்டியைச் சொருகும் முன் கை நின்றது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

அடுத்து, 'ஊ...ம்' என்ற இரைச்சல். மூன்று பின் பிளக் வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கி டிவியோடு இணைத்தவர்கள் பலரும் முதல் நாளே சந்திப்பது இது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுவும் அதன் இரட்டிப்பான 100ம்தான் அந்த உறுமல். ஸ்பீக்கர் ஒரு வழியாக எர்த்தைத் தொடுகிறது, டிவியோ கம்ப்யூட்டரோ இன்னொரு வழியாகத் தொடுகிறது, ஆடியோ கேபிள் இரண்டையும் இணைத்து ஒரு வளையம் போட்டுவிடுகிறது. என் வீட்டில் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. ஸ்பீக்கர் கேபிள் மாற்றினேன், போகவில்லை. பிளக் மாற்றினேன், கொஞ்சம் குறைந்தது. கடைசியில் செட்டாப் பாக்ஸில் திருகியிருந்த கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் சட்டென்று நிசப்தம். தெருக்கம்பத்திலிருந்து வரும் அந்த வயரின் உறைதான் வேறொரு எர்த்தைக் கொண்டுவந்திருந்தது. ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்: டிவி, பாக்ஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள்; போகாவிட்டால் ஒவ்வொரு வயராகக் கழற்றி யார் குற்றவாளி என்று பாருங்கள்; ஸ்பீக்கரில் ஆப்டிகல் (சிக்னலை வெளிச்சமாக அனுப்பும் இணைப்பு) இருந்தால் அதற்கு மாறுங்கள், வெளிச்சத்துக்கு எர்த் கிடையாது, அந்த வழியாக வளையம் போட முடியாது. எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். 'உறுமல் போய்விட்டது பார்' என்று காட்டுவார்கள், போவது உறுமலோடு சேர்த்து உங்கள் பாதுகாப்பும்தான்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் மட்டும் 'கர்ர்' என்று ஆரம்பித்தால் ஸ்பீக்கரைச் சந்தேகப்படாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவை எல்லாம் அப்படித்தான் பேசும், ஃபேன்கூட.

ஆப்டிகல் மாட்டியும் சத்தமே வரவில்லை என்றால் டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள். பல ஸ்பீக்கர்களுக்கு டால்பி என்ற சுருக்கிய வடிவம் புரியாது, சுருக்காத பிசிஎம் மட்டும்தான் புரியும். பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களை இந்த ஒரு செட்டிங்கால் தடுத்திருக்கிறேன். ஆப்டிகலில் இன்னொரு தொல்லை, பெரும்பாலான டிவிகளில் டிவி ரிமோட்டால் வால்யூம் மாறாது. ஸ்பீக்கர் ரிமோட் தனி. உங்களுக்கும் எனக்கும் அது ஒரு விஷயமில்லை. சீரியல் பார்க்கும் அம்மாவிடம் இரண்டு ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள், மூன்றாம் நாள் ஸ்பீக்கர் அணைந்து டிவியின் சொந்தச் சத்தம்தான் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஸ்பீக்கருக்கு அனுப்பும் வசதி) உள்ள ஸ்பீக்கராகத் தேடுங்கள், அதில் டிவி ரிமோட்டே போதும். டிவிக்கு ப்ளூடூத் மட்டும் வேண்டாம், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் ஓடும்.

ஸ்டுடியோ மானிட்டரை வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜேபிஎல் 305பி போன்றவற்றில் பின்னால், உள்ளே வரும் சிக்னலின் பலத்துக்கேற்ப மாற்ற, +4, -10 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். போன், டிவி, சாதாரண ஆர்சிஏ வயர் என்றால் -10ல் வையுங்கள், இல்லாவிட்டால் சத்தம் சோகையாக இருக்கும். இரண்டாவது, இவை ஒவ்வொன்றிலும் தனித்தனி வால்யூம், ரிமோட் கிடையாது. நடுவில் வால்யூம் குமிழ் வைத்த ஒரு டாக் (டிஜிட்டல் சிக்னலை அனலாகாக மாற்றும் பெட்டி) வாங்க வேண்டியிருக்கும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். போடும்போது கடைசியில் ஸ்பீக்கர், அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கர். மாற்றிச் செய்தால் 'டொம்' என்று ஒரு குத்து விழும்.

அறை சொல்வதையும் கேளுங்கள்

பதினாலு அடி என்பது 4.27 மீட்டர். ஒலியின் வேகம், வினாடிக்கு 343 மீட்டர், அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ். பத்தடிப் பக்கத்துக்கு 56. இந்த இரண்டு இடத்திலும் நம் ஹால் தானாகவே ஊதிப் பெரிதாக்கும், எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் இறங்கி வரும்போது ஒரு சில சுரங்கள் மட்டும் 'பூம்' என்று வீங்கினால் ஸ்பீக்கர் மேல் பழி போடாமல் முதலில் சுவரிலிருந்து ஓரடி முன்னே இழுங்கள், மூலையில் இருந்தால் வெளியே கொண்டுவாருங்கள். இழுக்க இடமில்லை என்றால் ஆக்டிவுக்கு ஒரு மதிப்பெண் கூடும்: எச்எஸ்5ல் பேஸை 2 அல்லது 4 டெசிபல் குறைக்க ரூம் கன்ட்ரோல் ஸ்விட்ச் இருக்கிறது, 305பியிலும் சுவரோரத்துக்கென்று ஒன்று உண்டு. பாஸிவில் இதை ஆம்ப்பின் பேஸ் குமிழில்தான் செய்ய வேண்டும், அது கொஞ்சம் மொண்ணையான ஆயுதம்.

ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்துக்கு வரட்டும். ஷோகேஸ் அறைக்குள் திணிக்காதீர்கள். வைத்த இடம் சரியா என்று பார்க்க ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போதும்: வலப்பக்கமான வலந்தலையின் 'நம்' கூராகவும், இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' கொழகொழவென்று இழுக்காமலும் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தால் நிற்கும் இடம் சரி.

கடைசியில் எதை வாங்குவது

டிவி, போன், மேஜைக் கம்ப்யூட்டர், இரண்டே ஸ்பீக்கர், இனிமேல் இதைப் பற்றி யோசிக்கவே போவதில்லை என்றால் ஆக்டிவோ பவர்டோ வாங்கிக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் சுலபம், இரண்டு பெட்டியை எடுத்தால் வேலை முடிந்தது. 5.1 (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஆசை உள்ளவர்கள் யோசிக்காமல் பாஸிவ் பக்கம் வரலாம், ஐந்து ஸ்பீக்கருக்கு அறை முழுக்க ஐந்து பிளக் பாயின்ட் யார் போட்டுத் தருவது? எல்லாவற்றுக்கும் ஆம்ப் உள்ள ரிசீவர் பெட்டியிலிருந்து வயர் இழுப்பது எவ்வளவோ மேல். (சப்வூஃபர் மட்டும் எப்படியும் ஆக்டிவாகத்தான் வரும், அதற்கு ஒரு பாயின்ட் ஒதுக்குங்கள்.) அப்பா காலத்து ஆம்ப் ஒன்று பரணில் நல்ல நிலையில் இருந்தால் பாஸிவ். இந்த வருடம் ஸ்பீக்கர், அடுத்த தீபாவளி போனஸில் நல்ல ஆம்ப் என்று படிப்படியாகப் போகிறவர்களுக்கும் பாஸிவ்.

என் சொந்தச் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: மேஜையில் ஆக்டிவ், ஹாலில் பாஸிவ். காரணம் சத்தம் இல்லை, ஆயுள். மரப்பெட்டியும் காந்தமும் முப்பது நாற்பது வருடம் கிடக்கும். ஓரத்து ஃபோம் பொடிந்தால் புதிதாக ஒட்டலாம், காயில் எரிந்தால் மைக் செட்டுக்கு வாய்ஸ் காயில் கட்டித் தருகிறவர்கள் இன்னமும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஆம்ப் போர்டுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதிலும் ஆப் வைத்து ஓட்டும் வைஃபை ஸ்பீக்கரில், கம்பெனி அப்டேட்டை நிறுத்தினால் நல்ல ஸ்பீக்கர்கூட பாதி ஊமையாகிவிடும். பாஸிவில் ஆம்ப் செத்தால் ஆம்ப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆக்டிவில் போர்டு கிடைக்காவிட்டால் பெட்டியோடு போய்விடும். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் இதையே முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய பாஸிவ் வாங்கலாம், பழைய ஆக்டிவ் வாங்குவதானால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பின்தகடு சூடானபிறகும் உறுமாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

புது ஆக்டிவ் வாங்கினால் அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வாரண்டி முடியும்வரை லாஃப்டில் ஏற்றி வையுங்கள். ஆம்ப் கெட்டாலும் முழு ஸ்பீக்கரைத்தான் சர்வீஸுக்கு அனுப்பச் சொல்வார்கள், பழைய போர்வையில் சுற்றி அனுப்பினால் ஆம்ப் சரியாகி, மூலை நசுங்கித்தான் திரும்பி வரும்.